டிம் டங்கனின் கதையைப் புயலில் இருந்து ஆரம்பிக்காதீர்கள்

கூடைப்பந்து வீரர் டிம் டங்கனைப் பற்றி யார் பேசினாலும் முதலில் ஒரு புயல் வந்துவிடுகிறது. 1989 செப்டம்பரில் ஹியூகோ புயல் செயின்ட் கிராய் தீவை அடித்துப் போட்டது. தீவில் இருந்த ஒரே ஒலிம்பிக் அளவு நீச்சல் குளம் நாசமானது. நீச்சல் வீரனாக வரவேண்டிய பையன் கூடைப்பந்துக்கு வந்தான். அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வுக்கு யோகம் அடித்தது. வருடக்கணக்காக இதே வரிசையில்தான் சொல்கிறார்கள். போன வாரம் நண்பர் ஒருவர் அனுப்பிய வீடியோவிலும் இதேதான். கடைசியில் அந்தப் புயலுக்கே நன்றி சொல்லாத குறை.

எனக்கு இது பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்பதைவிட, வலிக்கிறது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தத் தீவு. கரீபியன் என்றால் நம் மனதுக்கு வருவது கிரிக்கெட். ஆனால் செயின்ட் கிராய் அமெரிக்காவின் கையில் இருக்கும் தீவு. 1917இல் டென்மார்க்கிடம் இரண்டரைக் கோடி டாலருக்கு, தங்கமாகக் கொடுத்து, அமெரிக்கா வாங்கிய விர்ஜின் தீவுகளில் ஒன்று. (மேற்கிந்தியத் தீவுகள் அணிக்கு லெக் ஸ்பின் போட்ட ஹேடன் வால்ஷ் ஜூனியர் பிறந்ததும் இங்கேதான்.) அங்கே பிறந்தவர்கள் அமெரிக்கக் குடிமக்கள். ஆனால் தீவில் குடியிருக்கும்வரை அதிபர் தேர்தலில் ஓட்டுப் போட முடியாது. அமெரிக்க நாடாளுமன்றத்தில் அவர்களுக்கு ஒரு பிரதிநிதி உண்டு, சட்டம் நிறைவேறும்போது வாக்களிக்கும் உரிமை அவருக்குக் கிடையாது.

அந்த ஊரில் கிறிஸ்டியன்ஸ்டெட் என்ற சிறு நகரத்தில் 1976 ஏப்ரல் 25 அன்று டங்கன் பிறந்தார். அப்பா வில்லியம் கொத்தனார். அம்மா அயோன் மருத்துவச்சி, ஊர்ப் பிள்ளைகளைப் பிரசவம் பார்த்துக் கையில் ஏந்தியவர். இரண்டு அக்காக்கள். அதில் டிரிஷா நீச்சல்காரி. 1988 சியோல் ஒலிம்பிக்கில் விர்ஜின் தீவுகளின் கொடிக்குக் கீழே மல்லாந்து நீந்தும் போட்டிகளில் கலந்துகொண்டவர். தம்பிக்கு 400 மீட்டர் ஃப்ரீஸ்டைல். அக்கா போன வழியில் 1992 பார்சிலோனாவுக்குத் தம்பியும் போவான் என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள்.

பிறகு ஹியூகோ. தீவின் வீடுகளில் பெரும்பாலானவை சேதமாயின, கடைகள் சூறையாடப்பட்டன, ஒழுங்கை மீட்க அமெரிக்க ராணுவம் வந்து இறங்கியது. குளம் போனதும் பயிற்சியைக் கடலுக்கு மாற்றினார்கள். டிம்முக்குச் சுறா என்றால் பயம், கடலில் இறங்க மறுத்தான். எல்லோரும் சிரித்துக்கொண்டு சொல்லும் இடம் இதுதான். அடுத்து நடந்ததை மட்டும் வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள்: அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். 1990 ஏப்ரல் 24 அன்று இறந்துபோனார். மறுநாள் மகனுக்குப் பதினான்காவது பிறந்தநாள்.

புயல் அவனுடைய அன்றாடத்தைக் குலைத்தது, ஆனால் நீந்த வேண்டும் என்ற ஆசையே போனது அம்மா போனபோதுதான் என்று அக்கா டிரிஷா பின்னாளில் சொல்லியிருக்கிறார். கூட இருந்து பார்த்தவர் சொல்வதை நான் நம்புகிறேன். குளத்தைக் கட்டிக்கொடுத்திருந்தாலும் அந்தப் பையன் திரும்ப இறங்கியிருப்பானா என்பது சந்தேகமே.

இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. அந்தக் குளத்தில் வேறு பிள்ளைகளும்தானே நீந்தினார்கள்? அவர்களில் யார் என்.பி.ஏ.வுக்குப் போனார்கள்? அந்தப் பிள்ளைகளுக்குப் புயல் எதைக் கொடுத்தது? ஒருவனுக்கு நல்லது நடந்துவிட்டது என்பதற்காக, ஒரு தீவு முழுக்கக் கூரை இழந்த இரவை யோகம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சரி, அவர் கூடைப்பந்துக்கு வந்தது எப்படி? வீட்டு ஆட்களால். மூத்த அக்கா ஷெரிலின் கணவர் ஒஹையோவில் கல்லூரி அணிக்கு ஆடியவர். குடும்பத்துக்குத் துணையாகத் தீவுக்கு வந்து தங்கிய அவர்தான் மைத்துனனுக்குப் பந்தைக் கையில் கொடுத்தார். இவன் பெரிய உயரம் வரமாட்டான் என்று நினைத்து, தூரத்தில் நின்று பந்தைக் கையாளும் ஆட்டத்தையே கற்றுக்கொடுத்தாராம். பையன் ஆறடி பதினொரு அங்குலத்துக்கு வளர்ந்து நின்றான். அந்த உயரத்துக்குள் ஒரு குள்ளமான ஆட்டக்காரனின் கைப்பழக்கம் இருந்ததற்குக் காரணம் இதுதான். பின்னாளில் 19 வருடம் டங்கன் முதுகில் இருந்த 21ஆம் எண், அந்த அக்கா கணவர் கல்லூரியில் போட்ட எண்.

வெளியுலகத்துக்குத் தெரியவந்ததும் தற்செயல்தான். தீவுகளுக்குச் சுற்றுப்பயணம் வந்த இளம் வீரர்களில், பின்னாளில் பெரிய நட்சத்திரமான அலோன்சோ மோர்னிங்கும் இருந்தார். அவரை எதிர்த்து ஒரு பதினாறு வயதுப் பையன் அசராமல் ஆடினான் என்று அதே பயணத்தில் இருந்த கிரிஸ் கிங், தன் பழைய கோச் டேவ் ஓடமிடம் போய்ச் சொன்னார். வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தின் கோச்சான ஓடம் தீவுக்கே வந்தார். அவர் பேசப் பேசப் பையன் கண்ணை டிவியில் இருந்து எடுக்கவில்லை. கவனிக்கவே இல்லை என்று நினைத்துக் கேள்வி கேட்டால், எல்லாவற்றுக்கும் சரியான பதில் வருகிறது! முகத்தில் ஒன்றும் தெரியாது, உள்ளே எல்லாம் பதிவாகிக்கொண்டிருக்கும். டங்கனை ஆடப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாகவே இருக்காது.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். என்.பி.ஏ. அணிகள் முறைவைத்துப் புது வீரர்களை எடுக்கும் டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்ட கரீபியன் மண்ணில் பிறந்தவர்கள் நான்கு பேர்: 1978இல் பஹாமாஸின் மைக்கேல் தாம்சன், 1985இல் ஜமைக்காவில் பிறந்த பேட்ரிக் யூயிங், 1997இல் டங்கன், 2018இல் பஹாமாஸின் டியாண்ட்ரே எய்ட்டன். யூயிங் பன்னிரண்டு வயதில் மாசசூசெட்ஸ் போனார். எய்ட்டனும் அதே வயதில் சான் டியேகோ. தாம்சன் பள்ளிக்கூடத்துக்கே மயாமி. டங்கன் ஒருவர்தான் பள்ளிப்படிப்பைப் பிறந்த தீவிலேயே முடித்துவிட்டுக் கிளம்பியவர். பதினேழு வயதில் அமெரிக்கப் பெருநிலத்துக்கு வந்தபோது முழு ஆளாக வந்தார். என்ன செய்வேன், என்ன செய்யமாட்டேன் என்பது வீட்டிலேயே முடிவாகியிருந்தது.

அதற்குச் சான்று வேக் ஃபாரஸ்டில் படித்த நான்கு வருடம். இரண்டாம் வருடம் முடிந்ததுமே கல்லூரியை விட்டு வந்திருந்தால் கோடிகள் காத்திருந்தன. மற்றவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். டங்கன் போகவில்லை. பட்டம் வாங்குவேன் என்று அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு. 1997இல் உளவியல் பட்டத்தை வாங்கிக்கொண்டுதான் டிராஃப்டுக்கு வந்தார். இறந்துபோனவருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றவில்லை என்றால் யாரும் கேட்கப்போவதில்லை. இருந்தும் காப்பாற்றினார். எனக்கு அவருடைய ஐந்து கோப்பைகளைவிட இதுதான் பெரிது.

அந்த வருடம் நட்சத்திர வீரர் டேவிட் ராபின்சன் காயத்தால் பெரும்பாலும் ஆடாமல் போக, சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் 82இல் 20 ஆட்டம்தான் ஜெயித்திருந்தது. டிராஃப்டில் முதலில் எடுப்பது யார் என்ற குலுக்கலில் அந்த அணிக்கு முதல் இடம் விழுந்தது, டங்கனை எடுத்தது. கோச் கிரெக் பாபோவிச் செயின்ட் கிராய்க்கே போய், டங்கனோடு கடலில் நீந்தி, பேசிப் பழகிவிட்டு வந்தார். இரண்டாவது சீசனிலேயே, 1999இல், கோப்பை. இறுதிச்சுற்றில் எதிரணி நியூயார்க் நிக்ஸ். அந்த அணியின் யூயிங் குதிகால் தசைநார் கிழிந்து, கோட் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சின்ன வயதில் கிங்ஸ்டனில் கிரிக்கெட்டும் கால்பந்தும் ஆடிய யூயிங்கும், நீந்திக்கொண்டிருந்த டங்கனும் ஒருவரை ஒருவர் எதிர்த்து அந்த மேடையில் ஆடாமலே போனது எனக்கு இன்றும் மனக்குறை.

இனி அந்தப் 'போரடிக்கிறது' என்ற பேச்சுக்கு வருகிறேன். ஆடிய காலம் முழுக்க டங்கன் மீது விழுந்த முத்திரை அது. முகத்தில் உணர்ச்சி இல்லை, பறந்து பாய்ந்து பந்தைப் போடுவது இல்லை, பேட்டியில் சுவாரசியம் இல்லை.

கூடைக்குப் பின்னால் இருக்கும் பலகையில் அவர் தட்டிப் போடும் அந்த ஷாட்டை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். கூடைக்கு இடதுபுறம், ஏறக்குறைய 45 டிகிரி கோணத்தில் பந்தை வாங்குவார். எதிராளியைப் பார்த்துத் திரும்பி நிற்பார். ஒரு கணம் காத்திருப்பார். எதிராளியின் எடை எந்தக் காலில் இருக்கிறது என்று அந்தக் கணத்தில் தெரிந்துவிடும். பிறகு பந்து மேலே போய், பலகையில் வரைந்திருக்கும் சின்னச் சதுரத்தின் மேல் மூலையைத் தொட்டு, சத்தமில்லாமல் உள்ளே விழும். பலகையில் படும் பந்து கொஞ்சம் வேகம் கூடிக் குறைந்தாலும் உள்ளே போகும். நேராகக் கூடைக்குப் போடும் பந்துக்கு அந்தச் சலுகை இல்லை. ஆனால் கோணம் பிடிபட வேண்டும், அதுதான் கஷ்டம். அதனாலேயே இளைஞர்கள் அதைக் கைவிட்டிருந்தார்கள், அழகாக இல்லை என்பதும் ஒரு காரணம். டங்கன் அதையே எடுத்து வாழ்நாள் முழுக்கப் போட்டார். கொத்தனார் வீட்டுப் பிள்ளைக்குச் சுவரும் கோணமும் பிடிபடாமல் போகுமா என்று எனக்குத் தோன்றும். இது என் ஆசைதான், நிரூபிக்க முடியாது.

2003 இறுதிச்சுற்றின் (ஏழு ஆட்டத்தில் நான்கு ஜெயித்தால் கோப்பை) ஆறாவது ஆட்டத்தில் 21 புள்ளி, 20 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), கூடையில் முடிந்த 10 பாஸ், 8 பிளாக் (எதிராளியின் ஷாட்டைத் தடுப்பது). இன்னும் இரண்டு பிளாக் கணக்கில் வந்திருந்தால் நான்கு வகையிலும் இரட்டை இலக்கம். கோப்பை ஜெயிக்கும் ஆட்டத்தில் இப்படி ஆடியவரைத்தான் போரடிக்கிறது என்றார்கள்.

உணர்ச்சி இல்லாதவர் என்று சொல்பவர்களுக்கு 2013ஐ ஞாபகப்படுத்துகிறேன். நம் ஊரில் காலை நேரம், நான் டிவி முன்னால். மயாமி ஹீட்டுக்கு எதிரான இறுதிச்சுற்று, ஜெயித்தால் கோப்பை என்ற ஆறாவது ஆட்டத்தில் டங்கன் 30 புள்ளி, 17 ரீபவுண்ட். முடிய அரை நிமிடம்கூட இல்லாதபோது ஸ்பர்ஸ் 5 புள்ளி முன்னிலை. கோப்பை கொடுப்பதற்காக மைதானத்தைச் சுற்றிக் கயிறு கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். கடைசி நொடிகளில், தூரத்தில் இருந்து போடும் மூன்று புள்ளி ஷாட்டுகளைத் தடுப்பதற்காக டங்கனை பாபோவிச் வெளியே உட்கார வைத்தார். தவறிய பந்தை மயாமியின் கிரிஸ் பாஷ் பிடித்து, சக வீரர் ரே ஆலனுக்குக் கொடுக்க, அவர் போட்ட ஷாட்டில், 5.2 நொடி மிச்சம் இருக்கும்போது சமன். கூடுதல் நேரத்தில் தோல்வி. ஏழாவது ஆட்டத்தில், ஒரு நிமிடத்துக்கும் குறைவாக இருந்தபோது, சமன் செய்ய வேண்டிய பந்து டங்கன் கையில். கூடைக்குப் பக்கத்தில். ஆயிரக்கணக்கில் போட்ட ஷாட். போகவில்லை. தட்டிப் பார்த்தார், அதுவும் போகவில்லை. ஓடிப்போய்க் குனிந்து இரண்டு கையாலும் தரையை ஓங்கி அடித்தார். 37 வயது. அன்று நான் டிவியை அணைத்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மறுவருடம் அதே மயாமி. இறுதிச்சுற்றுக்குள் நுழைந்த அன்று, இன்னும் நான்கு வெற்றி பாக்கி, இந்தத் தடவை முடித்துவிடுவோம் என்றார். அவர் இப்படி வாய்விட்டுச் சொல்லி அதற்கு முன்னால் நான் கேட்டதே இல்லை. 4-1 என்று முடித்தார்கள். 1999, 2003, 2005, 2007, 2014: ஐந்து கோப்பை, ஒரே அணி. அந்த ஐந்தாவதற்கு முன்னால், அணியில் மற்றவர்களுக்கும் இடம் இருக்கட்டும் என்று, தன் சம்பளத்தைப் பாதிக்கும் கீழே குறைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டவர் அவர்.

தேசிய அணி விஷயத்தில் மட்டும் எனக்கு ஒரு நெருடல். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக ஆடினார். முதல் ஆட்டமே போர்ட்டோ ரிக்கோவிடம் 92-73 என்று தோல்வி. அந்த அணியின் கார்லோஸ் அரோயோ பிய்த்து எடுத்துவிட்டார். போர்ட்டோ ரிக்கோவும் செயின்ட் கிராய் போலவே அமெரிக்காவின் கையில் இருக்கும் தீவுதான். அன்று அரோயோ தன் சட்டையில் இருந்த தீவின் பெயரை இழுத்துக் காட்டியபோது, சியோலில் தன் தீவின் கொடிக்குக் கீழே நீந்திய டிரிஷாவை நினைத்தேன். டங்கனைக் குறை சொல்லவில்லை. பதக்கம் ஜெயிக்கும் அணி கூப்பிட்டால் யாரும் போவார்கள். வெண்கலத்தோடு திரும்பினார், அதன்பிறகு ஒலிம்பிக் பக்கம் போகவே இல்லை.

2016 ஜூலையில் ஓய்வு. 19 சீசன், 26,496 புள்ளி, 15,091 ரீபவுண்ட். அணி ஓர் அறிக்கை வெளியிட்டது, அவ்வளவுதான். விழா இல்லை, பேட்டி இல்லை. பேசியது பாபோவிச்தான். எல்லாம் முடிந்து வரும்போது என் மகன் இப்போது இருக்கும் அதே ஆளாக இருக்க வேண்டும், அதற்கு நீங்கள்தான் பொறுப்பு என்று டங்கனின் அப்பா வில்லியம் இறப்பதற்கு முன்னால் தன்னிடம் கேட்டுக்கொண்டதை அன்று சொன்னார். சொல்லும்போது குரல் உடைந்தது.

அடுத்த வருடம், 2017 செப்டம்பரில், இர்மா புயல் பக்கத்துத் தீவுகளான செயின்ட் தாமஸையும் செயின்ட் ஜானையும் சிதைத்தது. டங்கன் உட்கார்ந்து ஒரு கட்டுரை எழுதினார், பேட்டியே கொடுக்காத மனிதர். எங்கள் தீவுகளை மறந்துவிடாதீர்கள் என்று கேட்டார். உடனே இரண்டரை லட்சம் டாலர் கொடுத்தார். மக்கள் கொடுப்பதற்குச் சமமாகப் பத்து லட்சம் டாலர்வரை தானும் கொடுப்பதாக வாக்களித்தார். விமானத்தில் சாப்பாட்டுப் பொருட்களோடு செயின்ட் கிராயில் போய் இறங்கினார். சில நாளிலேயே மரியா புயல் வந்து, அண்டைத் தீவுகளுக்கு உதவிக்கொண்டிருந்த செயின்ட் கிராயையும் உடைத்துப் போட்டது.

அந்தக் கட்டுரையில் ஹியூகோவைப் பற்றியும் எழுதியிருந்தார். எனக்கு அதிர்ஷ்டம் கொடுத்த புயல் என்று ஓரிடத்திலும் இல்லை. பதின்மூன்று வயதில் அதைக் கடந்துவந்தவன், இப்போது அங்கே என்ன தேவைப்படும் என்று தெரிந்தவன் என்ற முறையில்தான் பேசியிருந்தார்.

2021 மேயில், கூடைப்பந்தின் பெரிய வீரர்களைக் கௌரவிக்கும் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்ட அன்று, மேடையில் நின்று இவ்வளவு பதற்றம் வாழ்க்கையில் பட்டதில்லை என்று சொல்லிவிட்டு அம்மா அப்பாவிடம் இருந்துதான் பேச்சை ஆரம்பித்தார். கூடைப்பந்து பற்றி அவர்களுக்கு ஒன்றுமே தெரியாது என்றார்.