சொட்டாத குழாயில் போகும் தண்ணீர்

எங்கள் வீட்டில் எனக்குத் 'தண்ணீர் போலீஸ்' என்று பெயர். எங்காவது குழாய் சொட்டினால் ராத்திரி தூக்கத்திலிருந்து எழுந்து போயாவது திருகிவிட்டு வருவேன். அந்தப் போலீஸ் கண்ணிலேயே மண்ணைத் தூவிக்கொண்டிருந்தது கழிவறை ஃப்ளஷ் டேங்க்.

தற்செயலாகத்தான் பிடிபட்டது. படுக்கப் போகும்போது பார்த்த தண்ணீர் மீட்டர் எண், காலையில் மாறியிருந்தது. ராத்திரி யாரும் எழுந்திருக்கவில்லை, எந்தக் குழாயும் சொட்டவில்லை. சரி, பார்ப்போம் என்று டேங்க் மூடியைத் திறந்து உள்ளே கொஞ்சம் சிவப்புக் கலர் பொடியைக் கரைத்துவிட்டேன். அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷை அழுத்தக் கூடாது என்று உத்தரவு வேறு. போய்ப் பார்த்தால், கோப்பையின் பின்பக்கச் சுவரில் நூல் மாதிரி ஒரு சிவப்புக் கோடு. சத்தமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. எத்தனை மாதமாகவோ!

டேங்கின் அடியில் இருக்கும் ரப்பர் இறுகிப்போய், ஓரமெல்லாம் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. மாற்றப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. சில டேங்குகளில் ரப்பர் நன்றாகவே இருக்கும். மிதவை சரியாக நிற்காமல், தண்ணீர் மேலே ஏறி உள்ளே நிற்கும் குழாய் வழியாக வழிந்துகொண்டிருக்கும். மிதவையைக் கொஞ்சம் இறக்கி வைத்தால் போதும்.

அப்புறம் அந்த இரட்டைப் பொத்தான். சின்னதை அழுத்தினால் 3 லிட்டர், பெரியதை அழுத்தினால் 6 லிட்டர் என்ற கணக்கில்தான் பொதுவாக அமைத்திருக்கிறார்கள். நம் விரல் என்னவோ எப்போதும் பெரியதைத்தான் தேடிப் போகிறது.

தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. கருவியின் கதை இன்னும் மோசம். வீட்டில் வைக்கும் பல கருவிகள் 1 லிட்டர் குடிநீர் தர 3 லிட்டர் வரை வெளியே தள்ளுகின்றன. அதைப் பிடித்து வைத்துத் தரை துடைக்கலாம். உப்பு கூடியிருக்கும் என்பதால் செடிக்கு ஊற்றும் முன் யோசிக்க வேண்டும். உப்பு குறைவான தண்ணீர் வரும் வீட்டுக்கு ஆர்.ஓ. எதற்கு என்பதே என் கேள்வி. கிருமிதான் பயம் என்றால், தெளிந்த தண்ணீரைக் கொதிக்கவைத்தாலே தீர்ந்தது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். சொட்டுச் சொட்டாகச் சேமித்த அதே ஆள்தான், அலமாரியைச் சுத்தம் செய்தபோது காலாவதியான சிரப்பை எல்லாம் கழிவறையில் கொட்டி ஃப்ளஷ் செய்தேன். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் பெரும்பாலும் மருந்துகளைப் பிரித்தெடுக்கக் கட்டப்பட்டவை அல்ல. பிரியாத மருந்து நேராக ஆற்றுக்குப் போகிறது. பாஸ்பேட் கலந்த சோப்புத்தூளும் அப்படித்தான். ஏரியில் பாசி மண்டும், அது அழுகும்போது தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜன் தீரும், மீன் செத்து மிதக்கும். அளவுக் கரண்டியில் போட வேண்டியதைக் கைநிறைய அள்ளிப் போடும் பழக்கத்தை நான் இப்போதுதான் விட்டிருக்கிறேன்.

இன்று ராத்திரி மீட்டரைப் பார்த்துவிட்டுப் படுங்கள். காலையில் எண் மாறியிருந்தால் கமெண்டில் சொல்லுங்கள், கலர் பொடியோடு காத்திருக்கிறேன்.