அது தற்கொலை மரபணு இல்லை

"தற்கொலைக்குக் காரணமான மரபணு கண்டுபிடிப்பு" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றியதே, அதைப் பார்த்துவிட்டு நண்பர் ஒருவர் என்னை அழைத்தார். சில ஆண்டுகளுக்கு முன் தம்பியை அப்படி இழந்தவர். "அப்போ இது எங்க ரத்தத்துலயே இருக்கா? என் பையனுக்கும் வருமா?" என்று கேட்டார். தலைப்பு வைத்தவர் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. நண்பரின் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.

தோல் செல்லிலும் மூளை செல்லிலும் இருப்பது ஒரே மரபணுத் தொகுதிதான். எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்பதில்தான் வித்தியாசம். வேலை செய்யும் மரபணுவிலிருந்து ஆர்.என்.ஏ. நகல்கள் உருவாகும். அவற்றை அளந்து பார்ப்பதுதான் மரபணு வெளிப்பாட்டு ஆய்வு. அந்த அளவு வயதோடு மாறும், நோயோடு மாறும், பட்ட அடிகளோடும் மாறும். ஆகவே இதில் ஏதோ கண்டுபிடித்தார்கள் என்றாலே 'பிறவியிலேயே எழுதி வைத்தது' என்று அர்த்தமாகிவிடாது.

இந்தத் துறையில் என்னை உலுக்கியது 2009இல் மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வு. மொத்தம் 36 பேரின் மூளைத் திசு. சிறுவயதில் கொடுமைக்கு ஆளாகித் தற்கொலையில் இறந்தவர்கள் 12 பேர், அப்படிக் கொடுமை எதுவும் இல்லாமல் தற்கொலையில் இறந்தவர்கள் 12 பேர், வேறு காரணங்களால் இறந்தவர்கள் 12 பேர். ஸ்ட்ரெஸ் வந்தால் சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் ஏறும்போது அதை உணர்ந்து 'போதும், அடங்கு' என்று உடலுக்குச் சொல்ல உதவும் ஏற்பிகள் மூளையின் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் உண்டு. அந்த ஏற்பிக்கான மரபணுவின் மேல் முதல் குழுவில் மெத்தில் என்ற வேதிக் குறிகள் கூடியிருந்தன, மரபணுவின் வேலை குறைந்திருந்தது. பிரேக் தேய்ந்த வண்டி மாதிரி. இரண்டாம் குழுவில் அப்படி இல்லை. அவர்களும் தற்கொலையில் இறந்தவர்கள்தானே? ஆக, அந்தக் குறி அவர்கள் எப்படி இறந்தார்கள் என்பதைக் காட்டவில்லை. எப்படி வளர்க்கப்பட்டார்கள் என்பதைக் காட்டியது.

(நம் செய்திகளில் ஸ்ட்ரெஸ்ஸும் மன அழுத்தம், டிப்ரஷனும் மன அழுத்தம். பாதிக் குழப்பம் இங்கேயே தொடங்குகிறது. டிப்ரஷனை நான் மனச்சோர்வு என்றே எழுதுகிறேன்.)

குழுவுக்கு 12 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. இறந்தபின் எடுத்த மூளை ஒரே ஒரு நொடியின் புகைப்படம் மாதிரி. அதில் தெரியும் மாற்றம் நோயைக் கொண்டுவந்ததா, நோயால் வந்ததா, சாப்பிட்ட மாத்திரையால் வந்ததா என்று பிரிப்பது கடினம். போதாக்குறைக்கு ஆர்.என்.ஏ. சீக்கிரம் சிதைந்துவிடும். எலியை வைத்தும் முழுசாகச் சமாளிக்க முடியாது. எலியிடம் சோர்வு போன்ற ஒன்றை உண்டாக்கலாம், சாக வேண்டும் என்ற எண்ணத்தை உண்டாக்க முடியுமா?

அதனால்தான் மனித மூளை தேவைப்படுகிறது. அது கிடைப்பது குடும்பங்கள் மனம் வைத்துத் தருவதால். அதோடு முடிவதில்லை. இறந்தவர் எப்படித் தூங்கினார், என்ன குடித்தார், சின்ன வயதில் என்ன நடந்தது என்று வீட்டாரிடம் உட்கார்ந்து கேட்பார்கள். உளவியல் பிரேதப் பரிசோதனை என்று அதற்குப் பெயர். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு அம்மா இதற்கெல்லாம் பதில் சொல்லியிருக்கிறார். அதிலிருந்து பிறந்த ஆய்வுக்கு 'தற்கொலை மரபணு' என்று தலைப்பு வைப்பது எனக்கு அவமதிப்பாகவே படுகிறது.

பிறகு வந்த ஆய்வுகள் படத்தை இன்னும் சிக்கலாக்கின. 2017இல் ஆறு மூளைப் பகுதிகளைப் பார்த்ததில், மனச்சோர்வு இருந்த ஆண்களிடமும் பெண்களிடமும் மாறியிருந்த மரபணுக்கள் பெரும்பாலும் வேறு வேறு. ஒற்றை மரபணுவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற அங்கே இடமே இல்லை.

சரி, பரம்பரைக்குப் பங்கே இல்லையா? இருக்கிறது. மனச்சோர்வில் ஏறக்குறைய 37 சதவீதம் என்று இரட்டையர் ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. ஆனால் அது ஒரு மக்கள்தொகையில் காணும் வேறுபாட்டுக்கான கணக்கு, ஒரு பையனுக்கான ஜாதகம் இல்லை. நண்பரிடம் இதைத்தான் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், சித்தப்பா மாரடைப்பில் போனார் என்றே பையனிடம் சொல்லி வைத்திருப்பதாகச் சொன்னார். உண்மையைச் சொல்லலாமா என்று கேட்டார். சொல்லுங்கள், எப்படி என்பதை மட்டும் ஒரு மனநல மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.

போன வாரம் சொல்லிவிட்டாராம். "எனக்கு அப்பவே தெரியும்ப்பா" என்றானாம் பையன்.