மாநிலங்களவைல உக்காந்த சுகாதார மந்திரிங்க: திட்டுறதுக்கு முன்னாடி கொஞ்சம் கணக்கு பாப்போமா

மக்கா, கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு சாயாவப் போட்டு பக்கத்துல வச்சுக்கிட்டு படிங்க. பாதில விட்டுட்டு கமெண்ட்ல சண்டைக்கு மட்டும் வராதீங்க.

மாநிலங்களவைல இருந்து ஒருத்தர் சுகாதார மந்திரி ஆயிட்டா போதும், நம்ம ஆளுங்ககிட்ட ஒரே டயலாக்தான். "ஓட்டு வாங்க வக்கில்லாம கொல்லைப்புறமா வந்தவன்லா". இந்த மேல்சபைக்கு நம்ம நேரடியா ஓட்டுப் போடுறது இல்ல, எம்எல்ஏக்கள்தான் போடுவாங்க, அதான் அப்படி. நம்ம குமரி மாவட்டத்துல, தக்கலைல சாயாக்கடைல உக்காந்தாலும் சரி, மார்த்தாண்டத்துல மீன் வாங்க நின்னாலும் சரி, இதான் பேச்சு. எந்தக் கட்சிக்காரன் சொல்றான்ங்கிறது மட்டும் வருஷத்துக்கு வருஷம் மாறும், ஏன்னா இந்த வாசல் வழியா வராத கட்சியே கிடையாது. 2003ல சுஷ்மா சுவராஜ், 2004ல இருந்து 2009 வரைக்கும் நம்ம அன்புமணி, அப்புறம் 2014 வரைக்கும் குலாம் நபி ஆசாத், அதே 2014 நவம்பர்ல இருந்து 2019 வரைக்கும் நட்டா, 2021ல மாண்டவியா, 2024ல திரும்பவும் நட்டா. எல்லாரும் மந்திரியா இருந்தப்ப மாநிலங்களவைக்காரங்க, அன்புமணி மட்டும் பதவி ஏத்த பிறகு அங்க போனவரு. நடுவுல மக்களவைக்காரரான ஹர்ஷ் வர்தன் இருந்த காலத்த கழிச்சுட்டுப் பாத்தா இருபது வருஷத்துக்கு மேல அந்த நாற்காலி பெரும்பாலும் மேல்சபை ஆளுங்க கைலதான் இருந்திருக்கு. அப்ப "கொல்லைப்புறம்"னு சொல்லிட்டுப் போறதுல என்ன பிரயோஜனம், அதான முன்வாசலே ஆயிட்டு!

நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். எந்த வாசல் வழியா வந்தாருங்கிறத விடுங்க, உள்ள போய் உக்காந்து என்ன செஞ்சாருன்னு பாருங்க. மந்திரி ரிப்பன் வெட்டினா போட்டோ வருது, ஆஸ்பத்திரில நோயாளி கையப் புடிச்சா வீடியோ வருது, ஆனா சபைல ஒரு மசோதாவ எப்படிக் கொண்டு போனாரு, ஒரு கேள்விக்கு என்ன பதில் சொன்னாருங்கிறத நம்ம யாரும் பாக்குறது இல்ல. உண்மையான வேலையே அங்கதான் கிடக்கு.

ஒரே ஒரு சட்டத்த எடுத்துக்குறேன், மனநல மசோதா. 2013 ஆகஸ்ட்ல குலாம் நபி ஆசாத் அதக் கொண்டு போய் மாநிலங்களவைல வச்சாரு. அடுத்த வருஷம் தேர்தல், ஆட்சியே மாறிப் போச்சு. மக்களவை கலைஞ்சா அங்க நிலுவைல கிடக்குற மசோதா எல்லாம் செத்துப் போகும், முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். ஆனா மாநிலங்களவை கலையாத சபை. மூணுல ஒரு பங்கு ஆளுங்க ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா ரிட்டையர் ஆவாங்க, சபை அப்படியே நடக்கும். அங்க முதல்ல வச்சு, மக்களவைக்கு இன்னும் போகாம இருக்குற மசோதா, ஆட்சி மாறினாலும் உயிரோட இருக்கும். அரசியல் சட்டத்துல 107வது பிரிவு இத தெளிவா சொல்லுது. அதனால காங்கிரஸ் மந்திரி வச்ச மசோதாவ பாஜக மந்திரி நட்டா கைல எடுத்து, நூத்துக்கும் மேல அரசுத் திருத்தம் போட்டு, 2016 ஆகஸ்ட் 8ஆம் தேதி அதே சபைல நிறைவேத்தினாரு. 2017 மார்ச்ல மக்களவை, ஏப்ரல்ல ஜனாதிபதி கையெழுத்து, 2018 மே மாசம் அமலுக்கு வந்துச்சு. டிவி டிபேட்ல ஒருத்தன ஒருத்தன் கடிச்சுத் துப்புற ரெண்டு கட்சிக்காரங்க, ஒரு காகிதக் கட்ட கை மாத்திக் கொடுத்து முடிச்சிருக்காங்க. இதப் பத்தி நம்ம வாட்ஸப் குரூப்ல ஒரு மீம் கூட வரல.

அதுல என்ன பெருசா இருக்குன்னு கேப்பீங்க. நம்ம பக்கம் எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தான இது, ஒரு வீட்டுல யாராவது மனசு ஒடைஞ்சு உயிர விடப் பாத்துட்டா, அள்ளிப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுறப்பவே சொந்தக்காரங்க காதுல குசுகுசுன்னு சொல்லிக் கொடுப்பாங்க, "தெரியாம குடிச்சுட்டான்னு சொல்லு, வழுக்கி விழுந்துட்டான்னு சொல்லு, கேஸ் ஆயிரும்". பழைய தண்டனைச் சட்டம் 309ஆவது பிரிவுல தற்கொலை முயற்சி குற்றம், ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில். செத்துப் பொழைச்சு வந்தவன அக்யூஸ்ட்டு ஆக்குற சட்டம். டாக்டர்கிட்ட பொய் சொன்னா அவரு எப்படி வைத்தியம் பாப்பாரு, கவுன்சலிங் எங்க இருந்து வரும்? இந்த மனநலச் சட்டத்தோட 115வது பிரிவுதான் அத உடைச்சது. அப்படி முயற்சி பண்ணவங்க கடுமையான மன அழுத்தத்துல இருந்தாங்கன்னுதான் எடுத்துக்கணும், தண்டிக்கக் கூடாது, பராமரிப்பு கொடுக்க வேண்டியது அரசாங்கத்தோட கடமைன்னு சொல்லிட்டு. 2024 ஜூலைல புது தண்டனைச் சட்டம் வந்தப்ப அந்தப் பழைய பிரிவே இல்லாமப் போச்சு. ஆனா இன்னைக்கும் நம்ம ஊர்ல பாதிப் பேரு கேஸ் ஆகும்னு பயந்துக்கிட்டுதான் இருக்காங்க. படிச்சவங்க கூட. தயவு செஞ்சு வீட்டுல பெரியவங்களுக்கு சொல்லுங்க, 14416னு ஒரு நம்பர் இருக்கு, டெலி மானஸ், இலவசம், தமிழ்லயே பேசலாம்.

அதே சட்டத்துலதான் மனநோயாளிய சங்கிலில கட்டக் கூடாதுன்னு இருக்கு. 2001 ஆகஸ்ட் 6 ஏர்வாடி யாருக்கும் மறந்திருக்காது, மனநலக் காப்பகத்துல சங்கிலில கட்டிப் போட்ட 28 பேரு தீல கருகிச் செத்தாங்க. நம்ம மாவட்டத்துல இருந்தும் ஏர்வாடிக்கு ஆளக் கூட்டிட்டுப் போறது காலங்காலமா நடக்குறதுதான், அதனால அது நமக்கு பத்திரிகைச் செய்தி மட்டும் இல்ல. அப்புறம் இன்சூரன்ஸ். உடம்பு நோய்க்கு எப்படி கவரேஜ் கொடுக்குறானோ அதே மாதிரி மனநோய்க்கும் கொடுக்கணும்னு 21வது பிரிவுல இருக்கு. எத்தனை பேரு இதச் சொல்லி கிளைம் பண்ணியிருப்பாங்க சொல்லுங்க.

எச்ஐவி மசோதாவும் இதே ரூட்லதான் வந்துச்சு. 2014 பிப்ரவரில ஆசாத் மாநிலங்களவைல வைக்க, 2017ல நட்டா முடிச்சாரு. வேலைல, ஸ்கூல்ல, வாடகை வீட்டுல பாகுபாடு காட்டக் கூடாதுன்னு நல்லாதான் எழுதியிருக்கு, ஆனா மருந்து கொடுக்குற இடத்துல மட்டும் அரசாங்கம் முடிஞ்ச அளவுக்கு செய்யும்ங்கிற மாதிரி ஒரு ஓட்டைய விட்டுட்டாங்க. எச்ஐவியோட வாழுறவங்க எவ்வளவோ கத்தினாங்க, எதிர்க்கட்சியும் பேசுச்சு, மந்திரி அசையல. ஆக நட்டாவுக்கு நான் மாலை போடுறேன்னு யாரும் நினைக்க வேண்டாம்.

இதுக்கு நேர் எதிர் கதை வாடகைத்தாய் மசோதா. 2016ல மக்களவைல வச்சாங்க, 2018 டிசம்பர்ல அங்க பாஸும் ஆச்சு, மாநிலங்களவைல முடியுறதுக்குள்ள 2019 தேர்தல் வந்து மசோதா காலாவதி. திரும்பவும் முதல்ல இருந்து. 2019 ஆகஸ்ட்ல மக்களவை மறுபடி வேகமா பாஸ் பண்ணி அனுப்புச்சு, இந்த தடவ மாநிலங்களவை "நில்லு"ன்னு சொல்லி தேர்வுக் குழுவுக்கு, அதாவது மசோதாவ வரி வரியா அலசுற உறுப்பினர் குழுவுக்கு, அனுப்பிட்டு. அந்தக் குழுதான் நெருங்கின சொந்தக்காரிதான் வாடகைத்தாயா இருக்கணும்ங்கிற கண்டிஷன எடுக்கச் சொன்னது, வாடகைத்தாய்க்கான இன்சூரன்ஸ 16 மாசத்துல இருந்து 36 மாசமாக்கச் சொன்னது. நம்ம ஊருக் குடும்பங்கள யோசிச்சுப் பாருங்க, நெருங்கின சொந்தம்தான் வேணும்னா மாமியாரு எந்த மைனிய, எந்தத் தங்கச்சிய போட்டு நெருக்குவாங்கன்னு. மேல்சபை இல்லன்னா அந்த வரி அப்படியே சட்டமாயிருக்கும். மாண்டவியா மந்திரியா இருக்குறப்ப 2021 டிசம்பர்ல திருத்தத்தோட பாஸ் ஆச்சு. அவரு அந்தத் திருத்தங்கள ஏத்துக்கிட்டத நான் நல்ல வேலைன்னுதான் சொல்லுவேன்.

சரி, அன்புமணி. வடக்க அவர எப்படிப் பாப்பாங்கன்னு எனக்கு அக்கறை இல்ல, குமரி மாவட்டத்துல அவரு கட்சிக்கு பெருசா வேரும் கிடையாது, அதனால பாசமும் இல்லாம பகையும் இல்லாம பேசலாம். 2005 ஏப்ரல்ல தேசிய ஊரக சுகாதார இயக்கம் அவரு காலத்துல வந்ததுதான். பொது இடத்துல புகை பிடிக்கத் தடை 2008 அக்டோபர் 2. அதுக்கான அடிப்படைச் சட்டம் 2003ல சுஷ்மா இருந்தப்ப நிறைவேறினது, அத வச்சு விதிகள இறுக்கினவரு அன்புமணி. குலசேகரம் பஸ்ல ஜன்னல் சீட்டுக்காரரு பீடி இழுத்து பின் சீட்டுல இருக்குற பிள்ளை முகத்துல விட்டுக்கிட்டு வந்த காலத்த நம்ம வயசுக்காரங்க பாத்திருக்கோம். இன்னைக்கு ஒருத்தன் பத்த வச்சா கண்டக்டர் வேண்டாம், பயணியே இறக்கி விட்டுருவான். பெரிய சாதனை அது, நான் மனசார சொல்றேன்.

ஆனா அதே மனுஷன் சபைய பயன்படுத்தின இன்னொரு விதமும் இருக்கு. 2007ல எய்ம்ஸ் சட்டத்துக்கு ஒரு திருத்தம், டைரக்டருக்கு 65 வயசு உச்சவரம்பு. அப்ப டைரக்டரா இருந்த டாக்டர் வேணுகோபாலுக்கும் மந்திரிக்கும் இருந்த மோதல் நாடறிஞ்சது, திருத்தம் யார குறி வச்சதுன்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ரெண்டு சபையும் பாஸ் பண்ணிக் கொடுத்தாங்க, 2008 மே மாசம் உச்ச நீதிமன்றம் செல்லாதுன்னு தூக்கிப் போட்டுட்டு. ஒரு ஆள வெளிய தள்ள நாடாளுமன்றத்தோட நேரத்த எடுத்துக்கிட்டது எந்தக் கட்சி செஞ்சாலும் அசிங்கம்தான். மேல்சபைன்னா நிதானமா யோசிக்கிற இடம்னு சொல்றோம், அன்னைக்கு அந்த நிதானம் எங்க போச்சோ.

இப்ப கேள்வி பதில் விஷயத்துக்கு வரேன், எனக்கு எரிச்சல் வர்ற இடம் இதுதான். மாநிலங்களவைல பதினோரு மணிக்கு ஜீரோ ஹவர் (உறுப்பினருங்க அவசர விஷயத்தக் கிளப்புற நேரம்), பன்னெண்டு மணிக்கு கேள்வி நேரம். நட்சத்திரக் கேள்வி பதினஞ்சு, மந்திரி எந்திரிச்சு வாயால பதில் சொல்லணும், உறுப்பினர் துணைக்கேள்வி கேட்டு மடக்கலாம். நட்சத்திரம் இல்லாதது நூத்தி அறுபது வரைக்கும், அதுக்கு எழுத்துல பதில். சபைல கூச்சல் போட்டு ஒத்தி வச்சா முதல்ல போறது இந்தத் துணைக்கேள்விதான், அதனால கூச்சல் போடுற எதிர்க்கட்சி மந்திரிக்கு நல்லதுதான் பண்ணுது, அவரு சாயா குடிக்கப் போயிருவாரு.

அந்த எழுத்துப் பதில நெட்ல எடுத்துப் படிச்சுப் பாருங்க, யாரு வேணும்னாலும் டவுன்லோட் பண்ணலாம். உறுப்பினர் அ, ஆ, இ, ஈன்னு நாலு கேள்வி கேட்டிருப்பாரு, எத்தனை பேரு, எவ்வளவு பணம், எப்ப முடியும், தாமதத்துக்குக் காரணம் என்னன்னு. பதில் எப்படி இருக்கும்னா "அ முதல் ஈ வரை"ன்னு நாலையும் ஒண்ணா உருட்டி, பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியல்ல இருக்குன்னு முதல் வரி, அப்புறம் திட்டங்களோட பேரு ஒண்ணரைப் பக்கத்துக்கு, கடைசில ஒரு இணைப்பு. கேட்ட தேதி மட்டும் இருக்காது. எந்த ஆட்சி பதில எடுத்தாலும் அச்சு ஒண்ணுதான், ஆபீசருங்க பழைய ஃபைல்ல பேர மாத்தி அடிக்கிறாங்களோன்னு எனக்கு சந்தேகம்.

இதோட உச்சக்கட்டம் 2021 ஜூலை 20. ரெண்டாவது அலைல நாடே சிலிண்டருக்கு தெருத்தெருவா அலைஞ்சு முடிஞ்ச ரெண்டாவது மாசம். மாநிலங்களவைல கேள்விக்கு சுகாதார இணை மந்திரி கொடுத்த பதில்ல, ஆக்சிஜன் இல்லாம செத்ததா மாநிலங்கள் எதுவும் குறிப்பிட்டுத் தெரிவிக்கலன்னு இருந்துச்சு. தொழில்நுட்பமா பாத்தா பொய் கிடையாது, மாநிலங்கள் அப்படி எழுதிக் கொடுக்கலதான், அதுல எதிர்க்கட்சி ஆண்ட மாநிலங்களுக்கும் பங்கு இருக்கு. ஆனா ஒரு மந்திரிக்கு அந்தத் தாள்ல கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி "என்னப்பா இது, எனக்கே தெரியும், ஊருக்கே தெரியும், இத எப்படி நான் சபைல வைக்கிறது"ன்னு ஃபைலத் திருப்பி அனுப்பத் தோணியிருக்கணும். அங்கதான் மந்திரிக்கும் கிளார்க்குக்கும் வித்தியாசம்.

மதுரை எய்ம்ஸ் பத்தி தனியா சொல்லணுமா? 2015 பட்ஜெட்ல அறிவிப்பு, 2018 டிசம்பர்ல கேபினட் ஒப்புதல், 2019 ஜனவரி 27 அடிக்கல். 2022ல பிள்ளைங்களச் சேத்து ராமநாதபுரத்துல கொண்டு போய் பாடம் நடத்தினாங்க. இந்த வருஷங்கள் பூரா நம்ம எம்பிக்கள் திரும்பத் திரும்பக் கேட்டதும் மந்திரிங்க திரும்பத் திரும்ப புதுப்புது தேதி சொன்னதும்தான் மிச்சம்.

நமக்கு மதுரையே 240 கிலோமீட்டர். உண்மையச் சொன்னா நம்ம மாவட்டத்துக்கு பெரிய வைத்தியம்னா திருவந்தரம்தான், அதான் திருவனந்தபுரம். காலைல நாகர்கோவில்ல இருந்து கிளம்புற பாசஞ்சர்ல ஏறிப் பாருங்க, ஒரு கைல எக்ஸ்ரே ஸ்கேன் போட்ட பெரிய கவரு, இன்னொரு கைல தூக்குவாளி, தலைல துணி சுத்தின ஒரு அம்மா, பக்கத்துல வேலைக்கு லீவு சொல்லிட்டு வந்த மவன். ஆர்.சி.சி. கேன்சர் ஆஸ்பத்திரிக்கோ, இதயம் மூளை பாக்குற ஸ்ரீசித்ராவுக்கோ போற கூட்டம் அது. 1956 நவம்பர் வரைக்கும் நம்மளும் அந்தப் பக்கம்தான, முன்ன திருவிதாங்கூர் ராஜ்ஜியம், அப்புறம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம். திருவிதாங்கூர் சட்டமன்றத்துக்கு நியமனம் ஆன முதல் பெண், டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ், மருத்துவத் துறைக்கே தலைமையா இருந்தவங்க, நாகர்கோவில்ல காசநோய் சானட்டோரியம் அவங்க முயற்சில வந்தது. ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ எங்க பாட்டா மாதிரி ஆளுங்க கடைசி வரைக்கும் டிபி ஆஸ்பத்திரின்னுதான் சொன்னாங்க. சபைலயும் இருந்து ஆஸ்பத்திரியையும் தெரிஞ்ச ஒரு ஆளு இருந்தா என்ன நடக்கும்ங்கிறதுக்கு நூறு வருஷம் முந்தின உதாரணம் நம்ம ஊர்லயே இருக்கு.

எல்லை கோடு போட்டாச்சு, நோயாளிக்கு கோடு தெரியாது. அங்க போனா தமிழ்நாட்டு காப்பீட்டுக் கார்டு எந்த ஆஸ்பத்திரில செல்லும், எதுக்கு செல்லும், மத்திய அரசோட ஆயுஷ்மான் காப்பீட்டுல நாடு முழுக்க செல்லும்னு சொல்ற அஞ்சு லட்சம் களியக்காவிளை செக்போஸ்ட்டத் தாண்டுறப்ப எத்தனை குமரிக் குடும்பத்துக்கு உண்மையிலேயே கை கொடுத்துச்சு, எத்தனை கிளைம தள்ளி விட்டாங்க? இது மாநிலப் பட்டியல்னு சொல்லி நழுவ முடியாத கேள்வி, ஏன்னா ரெண்டு மாநிலத்துக்கு நடுவுல நடக்குற விஷயம், டெல்லிதான் பதில் சொல்லணும். மாநிலங்களவைன்னு பேரு வச்சதே இந்த மாதிரி சங்கதிக்குத்தான்.

தமிழ்நாட்டுக்கு அங்க 18 பேரு இருக்காங்க. கேள்வி கொடுக்க பதினஞ்சு நாள் முன்னாடி நோட்டீஸ் போதும். நாலு உட்பிரிவா கேட்டா ஒண்ணா உருட்டிருவாங்கங்கிறதால நான் ஒரே கேள்வியா, மாவட்டப் பேரு போட்டு, வருஷவாரியா எண்ணிக்கை மட்டும் கேட்டு ஒரு டிராஃப்ட் எழுதி வச்சிருக்கேன். பதினெட்டு பேருக்கும் மெயில் அனுப்பப் போறேன், கட்சி பாக்காம. கூட கையெழுத்துப் போட நினைக்கிறவங்க, முக்கியமா திருவந்தரத்துல காட்டிட்டு வர்ற வீட்டுக்காரங்க, இன்பாக்ஸ்ல வாங்க, அனுப்பித் தாரேன்.