சுவரைத் தள்ளியது தண்ணீர், கொத்தனார் இல்லை

ஏற்காட்டில் மழையில் தடுப்புச் சுவர் விழுந்த அந்த வீடியோவை இனிமேல் யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். கீழே நீங்கள் எழுதியதையும் படித்துவிட்டேன். "கொத்தனார் சிமெண்டைத் தின்னுட்டான்", "இவனுங்களை உள்ளே தள்ளணும்". சுவர் விழுந்த அன்றைக்கே தீர்ப்பு சொல்லியாகிவிட்டது.

வீடியோவை நிறுத்தி, விழாமல் நிற்கிற மிச்சச் சுவரைப் பாருங்கள். ஒரு ஓட்டைகூட இல்லை. வீப் ஹோல், அதாவது பின்னால் சேரும் தண்ணீர் வடிய விடும் ஓட்டை, இல்லாத தடுப்புச் சுவர். மழையில் மலை மண் ஊறி, தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் பின்னால் பத்தடி உயரத்துக்குத் தேங்கினால், அந்தத் தண்ணீர் மட்டுமே சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் நாலரை டன்னுக்கு மேல் தள்ளும். மண் தள்ளுவது தனி.

சுவருக்குப் பின்னால் ஜல்லி நிரப்பி, நாலு அங்குலக் குழாய்களை வெளிப்பக்கம் சரிவாக, ஒன்றரை மீட்டருக்கு ஒன்று வைத்தால் போதும். மொத்தச் செலவில் அது ஒரு செலவே இல்லை. அதை வரைபடத்தில் காட்ட வேண்டியவர் இன்ஜினியர். காசு கொடுக்க வேண்டியவர் உரிமையாளர். கொத்தனாரிடம் யார் கேட்டார்கள்?

"அப்போ கொத்தனாரே தப்பு பண்ண மாட்டாரா?" பண்ணுவார். கலவையில் சிமெண்டைக் குறைக்கிற ஆட்களை நானே சைட்டை விட்டு அனுப்பியிருக்கிறேன். ஆனால் எவ்வளவு நல்ல கலவை போட்டாலும், தண்ணீருக்கு வழி விடாத சுவரைத் தண்ணீர் தள்ளத்தான் செய்யும்.

எங்கள் அப்பா கொத்தனார். சேலத்திலிருந்து காலை முதல் பஸ்ஸில் மலையேறி வேலைக்குப் போவார். ஒரு காட்டேஜுக்குக் கருங்கல் சுவர் கட்டி, சண்டை போட்டு ஓட்டை விட்டார். அடுத்த மழையில் செம்மண் தண்ணீர் வடிந்து புது பெயிண்ட் கறையானது. "என்ன மேஸ்திரி, சுவரை அசிங்கம் பண்ணிட்ட" என்று சொல்லி, முதலாளி வேறு ஆள் வைத்து அத்தனை ஓட்டையையும் பூசிவிட்டார். சுவர் வயிறு தள்ளியது. பாக்கிக் கூலியைப் பிடித்துக்கொண்டார்கள். அப்பா வீட்டில் வந்து ஒன்றும் சொல்லவில்லை. அம்மாதான் அழுதார். அவரும் அதே சைட்டில் சித்தாளாகக் கல் சுமந்தவர்.

2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. அப்போது எல்லோரும் மழையைத்தான் சொன்னீர்கள். ரோட்டில் வேலை செய்தவரை யாரும் திட்டவில்லை. இப்போது மட்டும் அதே மழை எங்கே போனது?

"கடன் வாங்கிக் கட்டினவன் வலி உனக்குத் தெரியாது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தெரியும். எனக்கும் கடன் இருக்கிறது. அதற்காகக் கொத்தனாரை "அவன்", "இவன்" என்று எழுதலாமா? அதே பதிவில் இன்ஜினியர் "சார்". அந்தக் கொத்தனார் ஐம்பது வயதுக்காரர் ஐயா. உங்கள் வீட்டுத் தளத்தில் வெயிலில் நின்று கம்பி கட்டியவரும், தலையில் கலவைச் சட்டி சுமந்த அக்காவும் உங்களுக்கு யார்? கிரகப்பிரவேசத்தன்று அவர்களை உட்காரவைத்துச் சாப்பாடு போட்டவர்கள் எத்தனை பேர்?

அந்தக் கொத்தனாருடைய போட்டோவையும் போன் நம்பரையும் போட்டிருப்பவர்கள் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அடுத்த வாரம் தொடங்க வேண்டிய வேலைக்கு வர வேண்டாம் என்று இரண்டு இடத்தில் அவரிடம் சொல்லிவிட்டார்கள்.