மாய உறுப்புக்கு முன்பே பார்வைதான்
நரம்பியலாளர் வி.எஸ். ராமச்சந்திரனின் ஆராய்ச்சி வாழ்க்கை மாய உறுப்பில்தான் (இழந்த கையோ காலோ இன்னும் இருப்பதாக உணர்வது) தொடங்கியது என்று அவரைப் பற்றிய ஒரு கட்டுரை சொல்வது சரியல்ல. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, 1978இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றவர், தொண்ணூறுகள் வரை பெரும்பாலும் பார்வையைத்தான் ஆராய்ந்தார். அந்தக் கட்டுரைக்குப் பின்னூட்டமிட்ட ஒருவர், இந்தப் பார்வை ஆய்வுகளைப் பற்றி "அதெல்லாம் வெறும் கண்மாயம்" என்கிறார். 1988இல் நேச்சர் அறிவியல் இதழில் வந்த ராமச்சந்திரனின் ஆய்வை, அப்படிச் சொன்னவர் வீட்டிலேயே செய்து பார்க்கட்டும். நடுத்தரச் சாம்பல் பின்னணியில் 2 செ.மீ. வட்டங்கள் சில. பாதி வட்டங்களில் மேலே வெள்ளை, கீழே கறுப்பு, மற்றவற்றில் தலைகீழ். முதல் வகை முட்டைபோல் புடைக்கும், மற்றது குழியாகும். ஒளி மேலிருந்து வருவதாக மூளை எடுத்துக்கொள்கிறது. நிறம் படிப்படியாக மாற வேண்டும், பலர் தவறுவது இங்கேதான். வெட்டினாற்போல் இரண்டு நிறமாக நிரப்பினால் தட்டையாகவே தெரியும். இப்போது தாளை அசைக்காமல், குனிந்து கால்களுக்கிடையே தலைகீழாகப் பாருங்கள்: குழி மேடாகும், மேடு குழியாகும்! அறைவிளக்கு இருந்த இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் மூளை 'மேல்' என்று கொள்வது கூரையை அல்ல, நம் தலையின் உச்சிப்பக்கத்தை. பின்னாளில், இருக்கும் கையின் பிம்பத்தை இல்லாத கைபோல் காட்டும் கண்ணாடிப் பெட்டியைக் கொண்டு, இல்லாத கையின் வலியைத் தணிக்கும் யோசனை, இப்படிப் பார்வையிலேயே ஊறியவருக்குத்தான் தோன்றியிருக்கும்.