வொண்டர்லா டிக்கெட் யார் எடுப்பது? ரயில் ஏறும் முன்னாலேயே பேசிவிடுங்கள்

ஏப்ரல் பிறந்தால் போதும், பெங்களூரில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஊரிலிருந்து போன் வர ஆரம்பித்துவிடும். பிள்ளைகளுக்கு லீவு விட்டாச்சு, நாலு நாள் வந்துட்டுப் போறோம், அப்படியே வொண்டர்லாவும் காட்டிடுங்க என்று. மைசூர் ரோட்டில் பிடதி பக்கம் இருக்கும் தீம் பார்க்தான் வொண்டர்லா. தாராளமாக வரட்டும். சேலம், தருமபுரிப் பிள்ளைகளுக்கு இங்கே இருக்கும் சித்தி வீடுதானே லீவு! ஆனால் பத்துப் பேருக்கு டிக்கெட் யார் எடுப்பது என்பதை மட்டும் யாரும் வாய் திறந்து பேசுவதில்லை. கவுண்ட்டர் முன்னால் வீட்டுக்காரர் பர்ஸை எடுப்பார், வந்தவர் "விடுங்க மாப்பிள்ளை, நான் தர்றேன்" என்று ஒரு தடவை சொல்வார், அவ்வளவுதான், வாடகைக்கு எடுத்து வைத்த பணம் அங்கேயே போய்விடும்.

தங்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு நம் பொறுப்பு. டிக்கெட் அவரவர் பொறுப்பு. இதை அவர்கள் ரயில் ஏறும் முன்னாலேயே போனில் சொல்லிவிட வேண்டும் என்பேன். சொன்னால் உறவு கெட்டுவிடும் என்கிறார்கள். சொல்லாமல் மனசில் வைத்துக்கொண்டு, அடுத்த வருஷம் "நாங்க ஊர்ல இருக்க மாட்டோம்" என்று பொய் சொல்கிறோமே, அதில்தான் உறவு கெடுகிறது. அவர்களுக்குப் பாவம், காரணமே தெரியாது.

பேசிவிட்டால் செலவைக் குறைக்கவும் சேர்ந்தே யோசிக்கலாம். சனி ஞாயிறை விட வார நாளில் டிக்கெட் குறைவு, வந்தவர்கள் எப்படியும் லீவில்தான் இருக்கிறார்கள், நம்மில் ஒருவர் ஆபீசுக்கு லீவு போட்டால் புதன்கிழமை போய்விட்டு வரலாம். குழந்தை டிக்கெட் வயதுக் கணக்கில் இல்லை, உயரக் கணக்கில்: 85 செ.மீ.க்குக் கீழே இலவசம், 140-ஐத் தாண்டினால் பெரியவர் டிக்கெட். ஆறாவது படிக்கிற பையன் திடீரென்று வளர்ந்திருப்பான், அதனால் சுவரோரம் நிறுத்தி டேப் வைத்து அளந்துவிட்டு ஆன்லைனில் போடுங்கள். தண்ணீர் ரைடுக்குப் பருத்தித் துணி ஆகாது, நைலான் துணியை ஊரிலேயே வாங்கி வரச் சொல்லுங்கள், உள்ளே போய் ஆளுக்கொரு செட் வாங்குவது வீண் செலவு. அப்புறம் முழங்கால் வலியோடு இருக்கும் பாட்டி. "அவங்களை விட்டுட்டா போறது" என்று டிக்கெட் எடுத்து, நாள் முழுக்க வெயிலில் பெஞ்சில் உட்கார வைக்காதீர்கள். அவரையே கேளுங்கள், வீட்டில் இருக்கிறேன் என்றுதான் பெரும்பாலும் சொல்வார்.

வேன் பிடிக்கவும் அவசியமில்லை. 2023-லிருந்து பர்ப்பிள் லைன் மெட்ரோ சல்லகட்டா வரை போகிறது, அங்கிருந்து மைசூர் ரோட்டில் பஸ். கர்நாடக முகவரியில் ஆதார் இருக்கும் பெண்களுக்குச் சாதாரண பஸ்ஸில் கர்நாடக அரசின் சக்தி திட்டத்தில் இலவசம், ஆண்களுக்கும் ஊரிலிருந்து வந்தவர்களுக்கும் மட்டும் டிக்கெட். பார்க் 11 மணிக்குத்தான் திறக்கும், வெளிச் சாப்பாட்டை உள்ளே விட மாட்டார்கள். அதனால் கொஞ்சம் தள்ளிப் பிடதி வரை போய், அந்த ஊருக்கே பேர் வாங்கித் தந்த, தட்டு மாதிரி அகலமான தட்டே இட்லியை வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்து உள்ளே நுழைந்தால், மத்தியானம் பிள்ளைகள் பசி என்று அழ மாட்டார்கள்.

கையில் காசில்லாத தம்பி குடும்பம் வந்தால் அது வேறு கணக்கு. அவன் பிள்ளைகளின் டிக்கெட்டை அண்ணன் அக்காமார் முன்கூட்டியே பங்கு போட்டு எடுத்துவிடுங்கள், கவுண்ட்டர் முன்னால் வைத்து அவனை எதுவும் கேட்காதீர்கள்.