ஒளித்தொகுப்பா, ஒளிச்சேர்க்கையா?

ஏஐ வந்துவிட்டது, இனி இலங்கை மலையகப் பிள்ளைகளுக்கு டியூஷன் குறை தீர்ந்துவிடும் என்கிற மாதிரி கட்டுரையை முடித்திருக்கிறீர்கள். பாதி சரி. நான் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறேன், அக்கா மகள் தரம் 10 படிக்கிறாள். கணித வகுப்புக்கு டவுனுக்குப் போய்வர பஸ் காசே கட்டாது, அதனால் ராத்திரியில் சாட்ஜிபிடியிடம் இருபடிச் சமன்பாட்டைக் கேட்கிறாள், விளங்கவில்லை என்றால் நாலாவது தடவையும் சலிக்காமல் சொல்லிக் கொடுக்கிறது, எந்த சேர் அப்படிச் சொல்வார்?

விஞ்ஞானத்துக்கு வந்ததும்தான் கதை மாறியது. செடி வெயிலைக் கொண்டு உணவு தயாரிப்பதற்கு நம்முடைய புத்தகத்தில் ஒளித்தொகுப்பு, அது எழுதியது ஒளிச்சேர்க்கை. இலைக்குள் அந்த வேலை நடக்கிற பச்சை நுண்ணுறுப்பு நமக்குப் பச்சையவுருமணி, அதற்குப் பசுங்கணிகம். பிழையில்லை, ஆனால் அது தமிழ்நாட்டுப் பாடநூல் தமிழ், இணையத்தில் எந்தத் தமிழ் அதிகம் கிடக்கிறதோ அதைத்தானே அது படித்திருக்கும். சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகிற பிள்ளை எதை எழுதுவது என்று முழிக்கிறாள்.

இன்னொன்று, அது எழுதிக் கொடுத்த 'என் அம்மா' கட்டுரை. அம்மா காலையில் அலுவலகம் கிளம்புகிறாராம்! அக்கா கொழுந்து பறிக்கப் போகிறவள். பிள்ளை அதை அப்படியே கொப்பியில் இறக்கிக்கொண்டிருந்தாள், பார்த்துச் சிரித்தேன், அப்புறம் சிரிப்பு வரவில்லை.

தெரியாததையும் அது தெரிந்த மாதிரியேதான் சொல்லும். அதைப் பிடிக்கப் பக்கத்தில் விஷயம் தெரிந்த ஒருவர் வேண்டும், லயத்தில், அதுதான் தோட்டத்து வரிசை வீட்டில், ராத்திரி எட்டு மணிக்கு அது யார்? வீட்டுக்கு ஒரு போன்தான், மழை இறங்கினால் சிக்னலும் போய்விடும், அதையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.